சில்லுக்குக் கீழே

மிதிவெடி அகற்றினவர்கள் போகும்போது ஏலம் விட்டார்கள்:
கூடாரம், தண்ணீர்த் தாங்கி, வெள்ளை தீட்டின தடிகள்,
எங்கள் அணி படுத்தெழும்பிய கரவன்.
இரண்டு சில்லு, நாலு கட்டில், கதவில் ஒரு நெளிவு.
சேமலாப நிதியில் பாதியை உடைத்து
நான் எடுத்தேன்.
மாசியில் மாங்குளச் சந்தியில் இதற்குள்ளே நின்று
தேத்தண்ணியும் வாய்ப்பனும் விற்பேன்.
அதுவரை, மாரி முழுக்க,
இது எங்கே நிற்கும்?

புல்லில விடுங்கோ அக்கா, மெத்தை மாதிரி
என்றான் இன்பராசா.
புல்லை நான் நம்புவதில்லை.
எட்டு வருடம் முழங்காலில் நின்று
அங்குலம் அங்குலமாய் அதை வெட்டினவள்.
புல் ஈரத்தை விடாது. கார்த்திகை முடிய
அடித்தகடு பிட்டாய் உதிரும்.

குளத்துக்குக் கீழே களி.
ஐப்பசி வரைக்கும் கல்லுப்போலக் கிடந்துவிட்டு
முதல் மழைக்கு வாயைத் திறக்கும்.
போன வருடம் செபமாலையின் ட்ரக்டரை
இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் தந்தது.

மணலில் தண்ணீர் நிற்காது, உண்மை.
ஜக் வைத்தால் ஜக்தான் இறங்கும்.

கிரவல் கொட்டலாம்.
நாலு லோட் என்றார்கள், விலையையும் சொன்னார்கள்.
போனை வைத்தேன்.

பிறகு அந்தத் தரை.

அடுத்த காணியில். சுவரில்லை, கூரையில்லை,
ஏறிப்போக மூன்று படி மட்டும் உண்டு.
ஒழுங்கை முழுவதும் நெல்லுக் காயப்போடும் சீமெந்து.
சுத்தியல் பிடியால் மூலைக்கு மூலை தட்டினேன்.
எங்கும் பொள்ளல் சத்தமில்லை.
ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சை அடக்கியிருந்தேன்,
வேலை விட்டு ஐந்து மாதமான பிறகும்.
ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.
அது சற்று யோசித்தது,
பிறகு மேற்கே ஓடி ஒரு ஓட்டையால் இறங்கியது.

சொந்தக்காரர் தவராசலிங்கம் நோர்வேயில், பேர்கனில்.

"தாராளமா விடு பிள்ளை.
கேற்றால வராதை, கிணத்தடியால வா."
கேற் இல்லை. நான் சொல்லவில்லை.
"விறாந்தை தாண்டி ஹோலுக்குள்ள நிப்பாட்டு.
வாசல் அகலம் காணுமோ தெரியாது."
காணும் அண்ணை, என்றேன்.
"சாமியறையில மட்டும் சில்லுப் படப்படாது."

எது சாமியறை?
"ஹோலுக்கு வலக்கைப் பக்கம்.
சிவப்புப் போட்டு மினுக்கின நிலம்."
பெருவிரலால் உமியைத் தள்ளினேன்.
சிவப்பு இருந்தது.

நாடா பிடித்து அளந்தேன், குச்சி நட்டு அளந்தேன்.
முன்னுக்குப் பாலைமரம், பின்னுக்குக் கிணறு,
தண்ணீர் ஓடுகிற சரிவும் வேண்டும்.
எப்படித் திருப்பினாலும் வலச்சில்லு
அரை அடி சிவப்புக்குள் வரும்.

மாதக்கணக்கில் நிற்கிற ரயரை
வெறும் சீமெந்தில் விடாதே, வெடித்துப்போகும்
என்பான் எங்கள் அணி மெக்கானிக் றெஜினோல்ட்.
என்னிடம் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை இரண்டு கிடந்தது.
ரயில் ஓடிய கட்டை, பிறகு பங்கருக்குக் கூரையான கட்டை,
ஆணித் துளைகளில் இன்னும் அந்த மண்.
ஒன்றை ஹோலில் போட்டேன்.
மற்றதைச் சிவப்பில், குறுக்காக.
செபமாலை பின்னால் எடுக்க நான் கைகாட்டினேன்:
வா, வா, இன்னும் வா,
காணும்.

இரவு அவரே எடுத்தார்.
"பட்டதோ?"
"கட்டையிலதான் நிக்குது அண்ணை. நிலத்தில படேல்லை."

கொஞ்ச நேரம் பேர்கன் மழை மட்டும் கேட்டது.

"அப்ப சரி.
மழை வரும், யன்னலைச் சாத்திப்போட்டுப் போ."

எந்த யன்னல் என்று நான் கேட்கவில்லை.
கரவனுக்கு இரண்டு இருந்தன.
டோர்ச் எடுத்துக்கொண்டு போய், படியால் ஏறி,
இரண்டையும் சாத்தினேன்.